சீராகக் கொடுத்த ஸ்டவ்

காட்டுக்குள் இனிமேல் விறகு பொறுக்கி அடுப்பு மூட்டக் கூடாது என்று வனத்துறைக்காரர்கள் வந்து சொல்லிவிட்டுப் போன அன்று, எங்கள் முகாமில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். என்னமோ நான்தான் சோலைக்காட்டுக்குத் தீ வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்கிற மாதிரி. டைரக்டர் ஐயா மட்டும் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "லீலா, ஸ்டோர் உங்க பொறுப்புதானே. பிள்ளைங்க முதுகுல தூக்கிட்டுப் போற மாதிரி நல்ல ஸ்டவ்வாப் பாத்து எடுத்துருங்க" என்றார். நல்ல ஸ்டவ்வாம்! சந்தையில் முருங்கைக்காய் பொறுக்குகிற வேலை என்று நினைப்பு.

பெருமாள்மலைக்கும் செண்பகனூருக்கும் நடுவே, பஸ் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் முகாம். மதுரை, திண்டுக்கல் பக்கத்துப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் வந்து மலை ஏறி, கூடாரம் அடித்துத் தங்கி, தாங்களே பொங்கித் தின்றுவிட்டு இறங்குவார்கள். எண்பத்து மூன்றாம் வருஷம் அது. அதுவரை அடுப்பைப் பற்றி யாரும் யோசித்ததே இல்லை. மூன்று கல், கொஞ்சம் சுள்ளி, ஊதுவதற்கு ஒரு வாய், அவ்வளவுதான். அடுப்பையும் அதற்குத் தீனியையும் சேர்த்துச் சுமக்க வேண்டும் என்று வந்தபோதுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு உறைத்தது.

எங்கள் ஜீப்பை ஓட்டும் பிச்சையா வத்தலக்குண்டு, கொடைக்கானல் என்று அலைந்து, கிடைத்ததை எல்லாம் கொண்டுவந்து இறக்கினார். சின்ன காஸ் சிலிண்டர் ஒன்று. அம்மிக்கல் கனம் கனத்தது; தீர்ந்துபோனால் மறு சிலிண்டருக்கு எந்தச் சாமியை வேண்டிக்கொள்வது என்று தெரியாது. ஸ்பிரிட் ஸ்டவ் ஒன்று. உள்ளங்கை அகலம்தான், நீலமாக அழகாக எரிந்தது. ஆனால் விடலைப் பயல்கள் பையில் ஸ்பிரிட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்க முடியுமா? அதையும் ஒதுக்கினேன். மிச்சம் இரண்டும் சீமெண்ணெயில் எரிகிறவை. ஒன்று பித்தளைப் பம்ப் ஸ்டவ், இன்னொன்று பச்சைப் பெயின்ட் அடித்த திரி ஸ்டவ். சீமெண்ணெய் ரேஷனில் கிடைக்கும். சிந்தினாலும் ஸ்பிரிட் மாதிரி குப்பென்று பிடிக்காது. இந்த இரண்டில் ஒன்றுதான் என்று தீர்மானித்தேன்.

முதலில் பம்ப் ஸ்டவ்வை முகாம் சமையலறையில் வைத்துப் பற்றவைத்தேன். குழுத் தலைவர்கள் சுற்றி நின்றார்கள். பம்ப் அடிக்க அடிக்க அது உஸ்ஸென்று இரைந்து எரிய ஆரம்பித்தது. நிமிர்ந்து பார்க்கிறேன், சண்முகவள்ளியைக் காணோம். வாசல் தாண்டி, தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் யாரென்று சொல்லிவிடுகிறேன். இருபத்தொரு வயசுப் பெண். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அப்பா இல்லை. அம்மா ராக்கம்மா பெருமாள்மலைப் பக்கம் பூண்டுக் காட்டிலும் பீன்ஸ் தோட்டத்திலும் கூலிக்குப் போகிறவர். பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போவதில் எங்களிடம் இவளை மிஞ்ச ஆள் கிடையாது. போன கோடையில் ஒரு காட்டெருமை பாதையை மறித்து நின்றபோது, ஒரு சத்தம் இல்லாமல் அத்தனை பிள்ளைகளையும் பின்னுக்கு நகர்த்திக் கொண்டுவந்தவள். அவளா ஓடுகிறாள்?

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஏ புள்ள! காட்டெருமைக்கு முன்னால கல்லு மாதிரி நிப்ப, ஒரு ஸ்டவ்வப் பாத்து ஓடுறியாக்கும்?" என்று கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். பிச்சையா மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் ராக்கம்மாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்.

"சத்தங் காட்டாம இருங்க டீச்சர். அது அக்கா வேலம்மா போன வருசம் ஸ்டவ் வெடிச்சுத்தான் செத்துப் போச்சு. வத்தலக்குண்டுல பொன்னுவேலுன்னு ஒருத்தருக்குக் கட்டிக் குடுத்திருந்தாக. கைப்புள்ளய விட்டுட்டுப் போயிருச்சு. இப்ப அந்த மாப்பிளைக்கே இதையும் குடுக்கப் போறாக. வர்ற ஞாயித்துக்கெழம பரிசம்."

என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன். அடுப்பை அணைத்துவிட்டு நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன்.

"அந்த ஆளக் கட்டிக்க உனக்கு இஷ்டமா?"

"இல்லக்கா" என்றாள். கேட்ட மாத்திரத்தில் வந்துவிட்டது பதில். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள். "மச்சான் மூஞ்சியப் பாத்தாலே அக்கா நெனப்புத்தான் வருது. எனக்கு இந்த மலை, இந்தப் புள்ளைங்க, இது போதும். ஆனா அம்மாகிட்ட எப்பிடிச் சொல்ல? அந்த ஸ்டவ்வச் சீராக் குடுத்ததே அம்மாதான். 'நான் வாங்கிக் குடுத்த சாமானே எம் மவளக் கொன்னுருச்சு, மாப்பிள பொண்டாட்டி இல்லாம நிக்கிறாரு, புள்ள தாயில்லாம நிக்குது, எல்லாம் என்னாலதான்'னு சொல்லிச் சொல்லி அழுவுது. அவரு வந்து என்னக் கேட்டப்ப, ஏதோ கடன அடைக்கிற மாதிரிச் சரின்னுருச்சு. நான் மாட்டேன்னா அது செத்தே போயிரும்."

"போதும், போதும். யாரும் சாக மாட்டாங்க" என்றேன். கோபமாக வந்தது. யார்மேல் கோபப்படுவதென்றுதான் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் பேப்பரைப் பிரித்தால் ஏதாவது ஒரு மூலையில் அந்தச் செய்தி இருக்கும்: ஸ்டவ் வெடித்து இளம்பெண் மரணம். படித்துவிட்டு 'ஐயோ பாவம்' என்று பக்கத்தைத் திருப்பிவிடுவோம். எந்த ஊரிலும் ஒரு மாமியார் ஸ்டவ் வெடித்துச் செத்ததாக நான் படித்ததில்லை. எல்லா ஸ்டவ்வும் மருமகள்களைப் பார்த்தே வெடித்தது. இதை நான் அன்றைக்கு ராத்திரி படுக்கையில் கிடந்து நினைத்துப் பார்த்தேன். ஆனால் நினைப்பு வேறு, தெரிவது வேறு. பம்ப் ஸ்டவ் நிஜமாகவே வெடிக்கும் சாமான்தான். நானே ஒன்று வெடித்த வீட்டைப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் வெள்ளனே இரண்டு ஸ்டவ்வையும் சாக்கில் கட்டிக்கொண்டு முகாமுக்கு மேலே இருக்கும் பாறை மேட்டுக்குப் போனோம். மலைக்காற்றில் எது தாங்குகிறது என்று பார்க்க வேண்டாமா? சமையலறையில் எரிகிற அடுப்பெல்லாம் மலையில் எரியாது. வள்ளியை வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. அவளாகவே சீமெண்ணெய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

"வெடிக்கிறது எதுனாலன்னு சொல்லுங்கக்கா. தெரிஞ்சுக்கிட்டாத்தான் பயம் போகும்" என்றாள்.

சொன்னேன். பம்ப் ஸ்டவ்வின் வயிற்றைத் தட்டிக் காட்டினேன். "எண்ணெய் இருக்கிற இந்தத் தொட்டிக்குள்ள காத்த அடிச்சு அடைக்கிறோம். அந்தக் காத்துதான் எண்ணெயை மேல தள்ளுது. மேல ஊசி நுழையிற ஓட்டை ஒண்ணு இருக்கு பாரு, அது அடைச்சுக்கிட்டது தெரியாம மேல மேல அடிச்சுக்கிட்டே இருந்தா, சூட்டுல தொட்டி தாங்காது. பட்டுன்னு போயிரும். பயமா இருந்தா இந்தத் திருகக் கழட்டி விட்ரு. காத்து வெளிய போச்சுன்னா அதுக்கப்புறம் இது வெறும் சொம்பு."

அவளே பம்ப் அடித்தாள். அவளே திருகைக் கழற்றினாள். புஸ்ஸென்று காற்று இறங்கி, அடுப்பு அணைந்தது. மறுபடி பற்றவைத்தாள், மறுபடி இறக்கினாள். பாறை மேட்டுக் காற்றில் அது சளைக்காமல் எரிந்து, தண்ணீரைச் சீக்கிரம் கொதிக்க வைத்தது. 'சரி, மேலே நடைக்குப் போகிறவர்களுக்கு இதுதான்' என்று மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, சாக்கிலிருந்து திரி ஸ்டவ்வை வெளியே எடுத்தேன்.

வள்ளி அதைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனாள்.

"இதுதான்க்கா. அக்கா வீட்டு ஸ்டவ். இதே பச்சை."

"பச்சை இருக்கட்டும். அதுல பம்ப் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"பம்பே கெடையாதே. இந்தச் சக்கரத்தத் திருப்புனா திரியெல்லாம் மேல வரும். அக்காதான் காமிச்சுச்சு. தல தீபாவளிக்குக் கூப்பிடப் போனப்ப, ஊதவே வேணாம் பாத்தியான்னு ஒரே பெருமை."

திரி ஸ்டவ்வின் மூடியைத் திறந்து, உள்ளே எண்ணெய் தளும்புவதைக் காட்டினேன். மூடியே சும்மா தொப்பி மாதிரி உட்கார்ந்திருந்தது. திருகு கூடக் கிடையாது. வள்ளி எட்டிப் பார்த்தாள். மூடியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"இதுக்குள்ள காத்தே அடைக்கலையேக்கா" என்றாள். "காத்தே இல்லாதது எப்பிடிக்கா வெடிக்கும்?"

"வெடிக்காது. சாஞ்சா எண்ணெய் கொட்டும், சேலை பத்தும். அது நடக்கலாம். ஆனா வெடிக்கவே வெடிக்காது. அந்த ஸ்டவ் இப்ப எங்க இருக்கு?"

"மச்சான் வீட்டுலதான் இருக்கு. வெடிச்ச எடத்த ஈயம் வச்சு அடச்சுட்டோம்னு சொன்னாரு." அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "பாப்பாவக் கூட்டியாரப் போனப்ப, அவங்கம்மா அதுலதான் காப்பி போட்டுக் குடுத்தாங்க. நான் குடிச்சேன்க்கா."

அதற்கப்புறம் அவள் அழுதாள். நான் தடுக்கவில்லை. பாவி, எதற்காக வெடித்தது என்று சொன்னான்? சேலை பற்றிக்கொண்டது என்று சொல்லியிருந்தால் நம்பித் தொலைத்திருப்போமே! 'வெடித்தது' என்கிற வார்த்தை ஊரில் ரெடியாகக் கிடந்தது. எடுத்துச் சொன்னான். விறகு அடுப்பைத் தவிர வேறு அடுப்பு தெரியாத ஒரு அம்மாவும் மகளும், ஸ்டவ் என்றால் வெடிக்கும் என்று நம்பிக்கொண்டார்கள். அவர்களை என்ன சொல்வது? பேப்பர் படிக்கிற நாங்களும் அதைத்தானே நம்பினோம்.

அன்று மத்தியானமே நாங்கள் இரண்டு பேரும் இரண்டு ஸ்டவ்வையும் எடுத்துக்கொண்டு ராக்கம்மா வீட்டுக்குப் போனோம். அவர் முற்றத்தில் சாக்கை விரித்துப் பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தார். வேலம்மாவின் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து பூண்டுத் தோலை ஊதி விளையாடியது. பச்சை ஸ்டவ்வைக் கண்டதும் ராக்கம்மாவின் முகம் மாறிவிட்டது.

"அத எதுக்கு இங்கன கொண்டாந்தீங்க டீச்சரம்மா? புள்ள இருக்கு. அங்கிட்டுத் தூரப் போடுங்க."

நான் வழக்கம்போல் படபடவென்று கொட்டியிருப்பேன். வள்ளி முந்திக்கொண்டாள். அம்மாவின் எதிரே உட்கார்ந்து மூடியைத் திறந்து காட்டினாள். பம்ப் ஸ்டவ்வையும் காட்டினாள். எதில் காற்று அடைபடும், எதில் படாது என்று நிதானமாகச் சொன்னாள். ராக்கம்மா பூண்டைப் பிரிப்பதை நிறுத்தவே இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் சொன்னார்.

"கடைக்காரரு மொதல்ல அந்தப் பித்தளையத்தான் எடுத்துக் காமிச்சாரு. நல்லா எரியும்னாரு. எனக்கு அது இரையிற சத்தமே ஆகல. கண்டியில தோட்டத்து லயத்து வீட்டுல ஒரு குப்பி லாம்பெண்ணெய வச்சுக்கிட்டே பயந்து பயந்து கெடந்தவ நான். வெடிக்காததாப் பாத்துக் குடுங்கய்யான்னு கேட்டேன். அவரு இத எடுத்து வச்சு, 'தைரியமாக் கொண்டு போங்கம்மா, இது வெடிக்கவே வெடிக்காது'ன்னாரு." சீமெண்ணெயை அவர் இன்னமும் சிலோன் வழக்கப்படி லாம்பெண்ணெய் என்றுதான் சொல்வார். "அந்த மனுசன என் வாயால எத்தன தடவ வஞ்சிருப்பேன்! பொய் சொல்லித் தலையில கட்டிட்டானேன்னு, நாசமாப் போவான்னு மண்ண வாரித் தூத்தியிருக்கேன்."

"அவரு பொய் சொல்லலைங்கம்மா" என்றேன்.

ராக்கம்மா கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்தார். அப்புறம் பிச்சையாவைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். "அண்ணே, வத்தலக்குண்டு போனீங்கன்னா மாப்பிளகிட்ட ஒரு சொல்லுச் சொல்லிருங்க. மழையில வெறகெல்லாம் ஈரமாக் கெடக்கு. ஞாயித்துக்கெழம வர்றவங்களுக்குக் காப்பித்தண்ணி போடணும். அந்த ஸ்டவ்வ மறக்காம எடுத்தாரச் சொல்லுங்க."

பொன்னுவேல் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தன் பெரியப்பாவோடும் இன்னும் சில உறவுக்காரர்களோடும் வந்தான். வெள்ளை வேட்டி, கையில் புதுக் கடிகாரம். வெற்றிலைத் தட்டை நடுவீட்டில் வைத்தார்கள். அவனே சாக்கைப் பிரித்து ஸ்டவ்வை எடுத்து, "இந்தாங்கத்த" என்று மாமியார் கையில் கொடுத்தான். கிணற்றையே தாண்டிவிட்டவன் மாதிரி ஒரு சிரிப்பு வேறு. இன்றைக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று வள்ளியிடம் சத்தியம் செய்து கொடுத்துவிட்டதால் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தேன்.

ராக்கம்மா ஸ்டவ்வை முந்தானையால் துடைத்தார். தலைகீழாகக் கவிழ்த்தார். அடியிலும் பக்கத்திலும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர் காயம் இருக்கிறதா என்று பார்ப்பது போலப் பார்த்தார். கடையில் அடித்த பச்சைப் பெயின்ட் அப்படியே இருந்தது. அப்புறம் எண்ணெய் ஊற்றி, திரியை ஏற்றிப் பற்றவைத்து, பானை வைத்துக் காப்பி போட்டார். ஒவ்வொருத்தருக்காக டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். பொன்னுவேலுக்கும் கொடுத்தார். அவன் ஒரு வாய் குடித்தபிறகு கேட்டார்.

"ஈயம் எந்த எடத்துல வச்சீங்க மாப்பிள?"

"என்னது அத்த?"

"வெடிச்ச எடத்துல ஈயம் வச்சு அடச்சோம்னு சொன்னீங்கள்ல. தடவிப் பாத்தேன், கைக்கு அம்புடல. காமிங்க."

"அது... இல்ல... அப்புறம் தொட்டியவே மாத்திட்டோம்" என்றான்.

"இது நான் குடுத்த தொட்டிதான். சீர் வச்சப்ப வள்ளி வெளையாட்டாக் கீறுன வேலம்மா பேரு அடியில இருக்கு."

யாரும் காப்பி குடிக்கவில்லை. பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து வந்து ஸ்டவ்வைக் குனிந்து பார்த்தார். அவருக்கு ஸ்டவ் தெரிந்திருந்தது. பார்த்துவிட்டுப் பொன்னுவேலைத் திரும்பிப் பார்த்தார். ராக்கம்மா எரிகிற ஸ்டவ்வின் எதிரே, முழங்கால் கிட்டத்தட்ட இடிக்கிற மாதிரி நெருங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"வாங்க மாப்பிள. இத வெடிக்க வச்சுக் காமிங்க. எம் மவ இப்பிடித்தான உக்காந்திருந்தா? நானும் இப்பிடியே உக்காந்திருக்கேன். அசைய மாட்டேன். நீங்க மட்டும் இது எப்பிடி வெடிச்சுதுன்னு காமிச்சுட்டா, எம் பொண்ண இப்பவே கூட்டிட்டுப் போங்க."

திரிகள் சத்தமே இல்லாமல் எரிந்துகொண்டிருந்தன. கடைசியில் அவனுடைய பெரியப்பாதான், "ஏலே, எந்திரி" என்றார். வெற்றிலைத் தட்டை அவரே எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று ராக்கம்மாவைப் பார்த்துக் கையைக் கூப்பினார். அப்புறம் எல்லாரும் போய்விட்டார்கள்.

இதற்கப்புறம் நாங்கள் நியாயம் கேட்டுப் போலீஸ் ஸ்டேஷன் படியேறி இறங்கியது பெரிய கதை. பார்த்த சாட்சி யார் என்று கேட்டார்கள். ஒரு ஸ்டவ் சாட்சி சொல்லுமா என்று சிரித்தார்கள். பொன்னுவேலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறுவதில்லை. வள்ளி அந்த டிசம்பரில் பித்தளை ஸ்டவ்வை முதுகில் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு மலை ஏறினாள், குழந்தை ராக்கம்மாவிடமே வளர்ந்தது. அந்தமட்டும் நிம்மதி.

ஆனால் என் மனசில் நிற்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அவர்கள் போனபிறகு ராக்கம்மா சக்கரத்தைத் திருப்பித் திரியை இறக்கினார். சூடு ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். ஒரு வருஷமாக அந்த அம்மா அழுத அழுகை எனக்குத் தெரியும் என்று வள்ளி சொல்வாள். இது அந்த அழுகை இல்லை என்றும் அவள்தான் பின்னால் சொன்னாள்.

"டீச்சரம்மா" என்றார் ராக்கம்மா, அடியில் கீறியிருந்த பெயரைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே. "எம் மவளுக்கு நான் நல்ல அடுப்பாத்தான் பாத்து வாங்கிக் குடுத்திருக்கேன்."